வண்டியைத்தான் சொன்னேன் அண்ணே

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், காரைக்குடியில் நடந்தது இது. அந்த மாதம் நான் ஒரு பழைய வேனுக்கு விலை பேசினேன். பேசும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று கடைகளுக்கும் கொடுப்பேன், கல்யாணச் சீருக்கும் கொடுப்பேன். நாலு பெண்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். தகரத்தில் அடுக்கி, வாடகை ஆட்டோவில் ஏற்றித்தான் தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாளில் அந்த ஆட்டோக்காரர் போனை எடுக்க மாட்டார். ஒரு தடவை பெண் வீட்டார் சீர் வரிசை எடுத்துக்கொண்டு கிளம்பின பிறகுதான் என் பலகாரம் போய் இறங்கியது. அன்று அந்த வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்க நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. சொந்தமாக ஒரு வண்டி வாங்காமல் இனி ஒரு சீர் ஆர்டர் எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரம் பேசுவதில் நான் கொஞ்சம் பேர் வாங்கினவள். ஜவுளிக்கடையில் நான் ஏறினால் கல்லாவில் இருப்பவர் விசிறியைக் கூட்டி வைப்பார். விலை கேட்ட உடனே குறை கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவேன். பொருளில் குறை இல்லை என்றால் விற்கிறவரிடம் கண்டுபிடிப்பேன். இதையெல்லாம் ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் வண்டி பார்க்கப் போனதும் அந்தச் சாமர்த்தியத்தில் சேர்ந்ததுதான். எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். விற்க நினைப்பவர்கள் ஆள் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது போய் விலையை முடித்துக்கொண்டு, ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

கோவிலூர் ரோட்டில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கு அவர்தான் எல்லாம். அவர் பட்டறையின் மூலையில் ஒரு சின்ன வேன் நாலு மாதமாகக் கிடந்தது. மேலே வேப்பஞ்சருகு மூடியிருந்தது. துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. கதவு திறந்து மூடினால் சத்தமில்லை. சீட்டுக்கெல்லாம் கையால் தைத்த பூப்போட்ட உறை. பின்சீட்டில் ஒரு தலையணை கிடந்தது. சவாரி இல்லாத நேரத்தில் டிரைவர் படுத்துத் தூங்குவார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பாடி தங்கம்க்கா. ஆனா இஞ்சின் ஜாம். அசைய மாட்டேங்குது" என்றார் மெக்கானிக். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை விழுந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிருக்கிறது. சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போன பிறகும் ஓட்டினவர் நிறுத்தவில்லை. உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதைப் பிரித்துச் சரிசெய்வதைவிட, மதுரையில் ஒரு நல்ல பழைய இஞ்சினாகப் பார்த்து வாங்கி மாட்டிவிடுவது மேல், மாட்டினால் பத்து வருஷம் ஓடும் என்றார்.

"நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு கால் மணி நேரம் ஓரமா நிப்பாட்டி, ஆறவிட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா பொழைச்சிருக்கும்க்கா. அதுவும் வண்டி ஓட்டியே பொழைக்கிற ஆளு, எப்புடி மிதிச்சாருன்னு தெரியல."

வண்டியை அந்த வண்டிக்காரரின் உறவுக்காரர்கள் யாரோ பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்களாம். வண்டிக்காரர் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. "அவுக வீட்டுல ஒரு காரியம் ஆகிப்போச்சு. அதான் மனுசன் இங்குட்டு எட்டியே பாக்கல" என்றார் மெக்கானிக்.

இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சாவு என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. யார் செத்தது என்று நான் கேட்கவில்லை. யாராவது வயதானவர்களாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். செலவு வந்திருக்கும், கை முடையாக இருக்கும், விலை இறங்கி வரும் என்றுதான் என் புத்தி போனது.

என் வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமில்லை. ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்குவோம், ஓடாத வண்டியை வாங்கி அதற்கு இன்னொரு இஞ்சின் தேடி அலைவது எதற்கு என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் இஞ்சின் செலவையும் சேர்த்து, அதற்கு மேலும் விலையில் இறக்கிவிட்டால் லாபம்தானே என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினோம். மெக்கானிக் சொன்ன விவரத்தையெல்லாம் வழி நெடுக மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

அந்த ஊர் பிள்ளையார்பட்டி போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. எங்களை வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். உள்ளே கூப்பிடவில்லை. அவரே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் வண்டியைப் பற்றிச் சாதாரணமாக விசாரித்தேன். இதற்கு முன்னால் ஏதாவது தொந்தரவு கொடுத்ததா என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. இத்தன வருசத்துல அது ஒரு நாளு முடியலன்னு படுத்ததில்ல" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "அன்னைக்குக் காலையிலயே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நாந்தேன் பெருசா எடுத்துக்கல. சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பாத்தீகளா, காலையிலயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் கவனிக்காம விட்டிருக்கீக. முள்ளு சிவப்புக்குப் போனதையும் பாத்திருப்பீக. ஒரு கால் மணி நேரம் ஓரமா நிப்பாட்டித் தண்ணி ஊத்தியிருந்தீகன்னா பொழைச்சிருக்கும் அண்ணே. நிக்காமப் போயி நீங்களே கொன்னுபுட்டீக. நீங்க செஞ்ச தப்புக்கு நான் எதுக்கு வெல குடுக்கணும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதில் சொல்வார், நானும் திருப்பிச் சொல்லலாம் என்று அடுத்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.

"ஆமா தங்கச்சி. நாந்தேன்" என்றார். "நீங்க என்ன நெனச்சு வந்தீகளோ அதையே குடுங்க."

நான் சொன்ன விலை எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிற அளவுக்குக் குறைவு. அதற்கும் தலையாட்டினார். முன்பணம் கொடுத்துவிட்டு எழுந்தோம். திரும்பி வரும்போது நான் ஒரே சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் குன்றக்குடி தாண்டினதும், "அவரு மொகத்தப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்குப் பாக்கணும்? நான் என்ன மாப்பிள்ள பாக்கவா போனேன்?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆவணி பிறந்து நாலைந்து நாள் கழித்து, காகிதங்களை எடுத்துக்கொண்டு அவரே காரைக்குடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கொடுத்த பிளாஸ்டிக் பையை வாங்கிப் பிரித்தேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெண் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்சூரன்ஸ். அதற்குக் கீழே அதே பெண் பெயரில் ஓர் இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழும் இருந்தது.

"இது யாரு அண்ணே?" என்று கேட்டேன்.

"வண்டி அது பேருலதான் தங்கச்சி இருக்கு. மகளிர் குழுவுல கடன் எடுத்து வாங்குச்சு. அது பேர விட்டு எடுக்கணும்னா இந்தக் காயிதமெல்லாம் வேணும்னு ஆபீஸ்ல கேட்டாக."

அது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் கட்டின மனைவியை 'அது' என்றுதான் சொல்வார்கள். மரியாதைக் குறைவு இல்லை, ஒரு ஒட்டுதல். என் வீட்டுக்காரரும் வெளியாளிடம் என்னைப் பற்றிப் பேசும்போது, 'அது கடைக்குப் போயிருக்கு' என்பார். இருபது வருஷமாகக் காதில் விழுகிற பேச்சு. அன்று வேப்பமரத்தடியில் அவர் 'அது' என்று சொன்னபோது அது வண்டி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளும் முடியவில்லை என்று படுத்ததில்லை. அன்று காலையிலேயே ஒரு மாதிரியாக இருந்தது. நான் வண்டியைக் கேட்டேன். அவர் மனைவியைச் சொல்லியிருக்கிறார்.

சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்தேன். பங்குனி உத்திரத்தன்று. மறுநாள்தான் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள் என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. பின்சீட்டில் கிடந்த தலையணையும் ஞாபகம் வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அன்று காலையில் அந்த அம்மாள் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறார் இவர். பத்து மணிக்கு மேல் வேர்த்துக் கொட்டியதும் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்ட, அவர் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். வாசலில் சொந்த வண்டி நிற்கும்போது ஆம்புலன்ஸுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். திருப்பத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள் ஏறத் தொடங்கியது. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை, வாசலில் தண்ணீர்க் குடம். நிறுத்தலாமா என்று கால் பிரேக்குக்குப் போனதாம். பின்னாலிருந்து முனகல் கேட்டது. கால் மணி நேரம் நிற்க மனசு வரவில்லை. அழுத்திவிட்டார். மேலூருக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்து ஏற்றியபோது அந்த அம்மாளுக்குப் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும், நீங்களே கொன்றுவிட்டீர்கள் என்று, அந்த மனிதர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, விலை குறைப்பதற்காகச் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணே, சத்தியமா நான் வண்டியத்தான் சொன்னேன். எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"தெரியும் தங்கச்சி. வண்டியத்தான் சொன்னீக. ஆனா சரியாத்தான் சொன்னீக." அவரிடம் கோபமே இல்லை. "வந்தவுக எல்லாரும் விதின்னு சொல்லிட்டுப் போனாக. டாக்டரக் கேட்டா, ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு. தண்ணி ஊத்தியிருந்தா பொழைச்சிருக்குமோன்னு நாந்தேன் நெதம் என்னையக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க ஒருத்தவுகதேன் உள்ளதச் சொன்னீக."

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். உள்ளதைச் சொன்னவள் என்று என்னை நம்பினார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விலையைக் கூட்டித் தருகிறேன் அண்ணே என்று உளறினேன். பேசினது பேசினதுதான் என்று மறுத்துவிட்டார். மகள் திருப்பூரில் இருக்கிறது, தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிடுகிறது, மாதக் கடைசியில் அங்கே போய்விடப் போகிறேன், அதற்குள் இந்த வண்டி ஒரு பக்கமாகப் போனால் போதும் என்றார். அவர் போன பிறகு பார்த்தால் வாணலியில் எண்ணெய் புகைந்து, போட்டிருந்த தேன்குழல் எல்லாம் கருகிப்போயிருந்தது.

நாலைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "வேணாம்னு சொன்னா அவருக்கு என்ன ஆறுதல்? மறுபடியும் அது பட்டறையிலதான் கெடக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் அந்த வண்டியை வாங்கினேன். மெக்கானிக்கும் மதுரையிலிருந்து வேறு இஞ்சின் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவேளை அந்தப் பழைய இஞ்சினில் வேறு ஏதாவது பெரிய கோளாறு ஏற்கெனவே இருந்திருந்தால்? எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் தங்காத ஓர் உடைசல் உள்ளே இருந்திருந்தால்? அப்படியானால் அவர் நிறுத்தினாலும் ஒன்றுதான், நிறுத்தாவிட்டாலும் ஒன்றுதான். நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், பழைய இஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காயலான் கடைக்குப் போகிற சாமானை எதற்குப் பிரிக்க வேண்டும், ஒரு நாள் வேலை வீண் என்றார். நடந்ததைச் சொன்னேன். "காரியம் ஆச்சுன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா. விசாரிச்சிருப்பீகன்னுல நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மதியம் வரைக்கும் அங்கேயே ஒரு ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு போல்ட்டும் கழன்று வரும்போது கற்பக விநாயகரை வேண்டிக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கின பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவரிடம் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து, டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார்.

"பிளாக்குல ஒரு விரிசலும் இல்லக்கா. நல்லா வச்சிருந்த வண்டி. சூட்டுல போனதுதான், வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப அன்னைக்கு…"

"தண்ணி ஊத்தி ஆறவிட்டிருந்தா மதுர போயிருக்கும்."

விரிசல் இருந்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் தம்பி என்று கெஞ்சினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார். "பாத்ததத்தான்க்கா நான் சொல்லுவேன். அவருக்கிட்ட போயி நான் மாத்திச் சொன்னா, என் மொகமே காட்டிக் குடுத்துரும். நீங்க சொல்றதுன்னா சொல்லிக்கங்க. எங்கிட்ட வந்து கேட்டா, வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் நானே போனேன், தனியாக, பஸ்ஸில். வீட்டுக்காரரைக் கூட்டிப்போகவில்லை. பொய் சொல்லும்போது தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சுவரில் அந்த அம்மாள் படம். என் வயதுதான் இருக்கும், இல்லை ஒன்றிரண்டு கூட. லேசாகச் சிரிக்கிற முகம். அந்த முகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இஞ்சினப் பிரிச்சுப் பாத்தாச்சு. உள்ளயே விரிசல் இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்காம். நீங்க எத்தன தடவ நிப்பாட்டித் தண்ணி ஊத்தியிருந்தாலும் உள்ள தங்கியிருக்காது. ஒங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே" என்று வரும் வழியெல்லாம் ஒப்பித்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கையிலிருந்த சாக்குக் கயிற்றைக் கீழே வைத்தார்.

"எங்குட்டு விரிசல்?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "அடியில அண்ணே. தண்ணி போற பக்கம்."

"நீங்க பாத்தீகளா?"

"என் கண்ணால பாத்தேன்."

எதிரே இருப்பவர் இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"வேற இஞ்சின் போடப்போறவுக, பழச எதுக்குத் தங்கச்சி பிரிக்கச் சொன்னீக?"

எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருப்பவள் நான். அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில், கட்டிவைத்த பாத்திர மூட்டைகளுக்கு நடுவில், அவ்வளவு சத்தமாக அழுவேன் என்று நான் நினைத்ததில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், கட்டின சாக்கை அவிழ்த்து ஒரு டம்ளரை எடுத்து, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"விரிசல்னே இருக்கட்டும் தங்கச்சி" என்றார். "அப்புடியே வச்சுக்குவோம்."

நான் கிளம்பும்போது, வண்டிக்குப் புது ரேடியேட்டர் போடச் சொல்லுங்கள், பழசை அடைத்து ஓட்ட வேண்டாம் என்றார். தெரு முனை வரைக்கும் கூட நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். அந்த வாரமே திருப்பூருக்குப் போய்விட்டார் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இரண்டு மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கு மேல் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது. அதன் பிறகு ஒரு சீர்கூட நேரம் தவறிப் போனதில்லை. சீட் உறைகள் கிழிந்துவிட்டன, மாற்றச் சொன்னால் நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதும் கடையில் பேரம் பேசுகிறேன், அந்தப் புத்தி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிறவர் மேல் குறை சொல்ல வாய் எடுத்தால் பாதியிலேயே நாக்கு நின்றுவிடுகிறது. வீட்டில் ஒரு காரியம் என்று யாராவது சொன்னால், யாருக்கு, எப்போது, எப்படி என்று கேட்காமல் நான் அடுத்த பேச்சுக்குப் போவதில்லை.

அவர் உண்மையிலேயே என் பொய்யை நம்பினாரா, இல்லை எனக்காக நம்பினதாக இருந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அன்று ஆறுதல் சொல்லப் போனவள் நான், கடைசியில் ஆறுதல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினவளும் நான்தான் என்பதை நினைத்தால், மூன்று வருஷம் ஆகியும் எனக்குத் தலை நிமிரவில்லை.